சின்ன நாட்களைக் கொண்டாடுவது எப்படி: சேலத்து வீடுகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

எங்கள் வீட்டுப் பிள்ளைகள் தீபாவளிக்கு அடுத்தபடியாக எதிர்பார்ப்பது அக்டோபர் 1-ஆம் தேதியை. அன்று சர்வதேச காபி நாள். உலக அஞ்சல் அட்டை நாளும் அதே தேதிதான். காபி விளைகிற மலை, பஸ் ஏறினால் ஒரு மணி நேரச் சொச்சத்தில் வந்துவிடுகிற ஊரில் இருந்துகொண்டு இந்த நாளை எப்படி விடுவது? ஐந்து வருஷமாக என் மகளும் தங்கை மகனும் காபியாலேயே படம் வரைந்து, அதை ஏற்காட்டுத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வருகிறார்கள்.

வருஷம் முழுக்க இப்படி நாட்கள் இறைந்து கிடக்கின்றன. மார்ச் 14 பை என்ற எண்ணுக்கு, மார்ச் 20 சிட்டுக்குருவிக்கு, மார்ச் 30 இட்லிக்கு, செப்டம்பர் 2 தேங்காய்க்கு, டிசம்பர் 11 மலைகளுக்கு. இந்த நாட்களுக்குப் புதுத்துணி வேண்டாம், பூஜை சாமான் வேண்டாம், யாருக்கும் பத்திரிகை வைக்க வேண்டாம். ஒரு சாயங்காலமும் கொஞ்சம் மாவும் போதும். ஆனால் முறையாகத் திட்டமிடாவிட்டால் இரண்டே மாதத்தில் அலுத்துவிடும். நாங்கள் பழகிக்கொண்ட முறையை முதலிலிருந்து சொல்கிறேன்.

முதல் வேலை: நாள் பொறுக்குவது

முதல் வருஷம் காலண்டரில் 24 நாட்களைக் குறித்து வைத்தேன். எல்லா நாளுக்கும் ஒரே மாதிரி சார்ட் பேப்பர் கிரீடம், ஒரே மாதிரி கடை கேக். ஜூலைக்குள் பிள்ளைகளுக்கு ஆர்வம் போய்விட்டது, எனக்குக் கை ஓய்ந்துவிட்டது. அடுத்த வருஷம் ஆறாகக் குறைத்தோம். அந்த ஆறும் இன்றுவரை நிற்கின்றன.

ஒரு நாளைத் தேர்ந்தெடுக்கும் முன் மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள். கையால் செய்ய என்ன இருக்கிறது? அடுப்பில் வைக்க என்ன இருக்கிறது? போய்ப் பார்க்க எந்த இடம் இருக்கிறது? மூன்றுக்கும் விடை ஒரே பொருளைச் சுற்றி வர வேண்டும், மூன்றும் சேலத்தைச் சுற்றியே கிடைக்க வேண்டும். காபிக்கு மூன்றும் உண்டு. ஆகஸ்ட் 13 இடது கைக்காரர்கள் நாள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் எங்கே போவது, என்ன சுடுவது? அதை விட்டுவிட்டோம். பனிமனிதன் செய்யும் நாட்களெல்லாம் நம் ஊருக்குச் சரிப்படாது.

தேதிக்கு அடிமையாகவும் வேண்டாம். தேசிய மாம்பழ நாள் என்று ஜூலை 22-ஐச் சொல்கிறார்கள். சேலத்துக்காரர்களுக்கு அது ரொம்பத் தாமதம். அதற்குள் மல்கோவாவும் இமாம்பசந்தும் முடிந்து, நீலத்தின் கடைசிக் கூடைகள்தான் கடைவீதியில் மிஞ்சியிருக்கும். அதனால் எங்கள் மாம்பழ நாள் மே மாதக் கடைசி ஞாயிறு. பழமே இல்லாத நாளில் பழத்தைக் கொண்டாடுவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. பருவம் எப்போதோ அப்போது வைத்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர் கடைசியில் புதுக் காலண்டர் வந்ததும் எல்லோரும் உட்கார்ந்து பென்சிலால் குறியுங்கள். பரீட்சை, முகூர்த்த நாட்கள், ஊர்த் திருவிழா எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் குறிப்பது நல்லது. ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழா நடக்கும்போது வேறு எதற்கும் வீட்டில் இடம் இருக்காது.

சாமான் பெட்டி

ஒரு பழைய டிரங்குப் பெட்டி போதும். கத்தரிக்கோல், நூல் கண்டு, ஊசி, அளவுகோல், பிரஷ், பசை. கடையில் வாங்க வேண்டியது இவ்வளவுதான். காகிதத்துக்குக் கல்யாணப் பத்திரிகைகளைச் சேர்த்து வையுங்கள். வைகாசி, ஆவணி முகூர்த்தங்கள் முடிந்தால் ஒவ்வொரு வீட்டிலும் பத்து இருபது சேர்ந்துவிடும். சொரசொரப்பான பத்திரிகையின் பின்பக்கம் படம் வரைய அருமையாக இருக்கும். பளபளப்பானது நிறத்தை உறிஞ்சாது, அதைப் பெட்டி செய்ய வைத்துக்கொள்ளலாம்.

கேக் சுடும் ‘அவன்’ அடுப்பு இல்லாதவர்கள் தயங்க வேண்டாம். கேஸ்கெட் தேய்ந்துபோன பழைய குக்கர் ஒன்று இருந்தால் அதுவே அந்த அடுப்பு. அடியில் ஒன்றரை கப் கல்லுப்பைப் பரப்பி, மேலே ஒரு ஸ்டாண்டு வைத்து, கேஸ்கெட்டும் வெயிட்டும் இல்லாமல் மூடி, மிதமான தீயில் பத்து நிமிஷம் சூடேற்றுங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது. அந்த உப்பை ஆறியதும் ஒரு டப்பாவில் கொட்டி வைத்தால் பல தடவைக்கு ஆகும், சமையலுக்கு மட்டும் எடுக்காதீர்கள்.

காபி நாளும் கார்டு நாளும்: அக்டோபர் 1, 2

அக்டோபர் 2 காந்தி ஜெயந்தி, விடுமுறை. அதனால் வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்கிறோம். ஒன்றாம் தேதி சாயங்காலம் கார்டும் கேக்கும், இரண்டாம் தேதி மலை.

உலகின் முதல் அஞ்சல் அட்டை 1869 அக்டோபர் 1 அன்று ஆஸ்திரியா-ஹங்கேரியில் வெளியானது. அதனால்தான் இந்தத் தேதி. நம் நாட்டில் 1879 ஜூலையில் வந்தது, விலை காலணா. ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்தவர் 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன். ஆக, இந்த மலைக்குக் காபிதான் மூத்தது, கார்டு இளையது. படம் வரைய உட்காரும்போது இந்தக் கதையைச் சொன்னால் பிள்ளைகள் கேட்டுக்கொண்டே வரைவார்கள்.

கார்டு செய்யும் விதம்: பத்திரிகையின் வெற்றுப் பக்கத்தை 14 சென்டிமீட்டர் நீளம், 9 சென்டிமீட்டர் அகலத்துக்கு வெட்டுங்கள். தபால் நிலையத்தில் விற்கிற கார்டின் அளவு அது. பின்பக்கம் அச்சு இருந்தால் இரண்டு அட்டைகளின் வெற்றுப் பக்கம் வெளியே தெரியும்படி ஒட்டிவிடலாம், கார்டும் விறைப்பாக நிற்கும். ஒட்டியதை ஒரு கனமான புத்தகத்துக்கு அடியில் ஒரு மணி நேரம் வையுங்கள்.

நிறத்துக்கு மூன்று கிண்ணம். முதல் கிண்ணத்தில் ஒரு ஸ்பூன் இன்ஸ்டன்ட் காபித் தூளும் ஒரு ஸ்பூன் வெந்நீரும். இது கறுப்புக்குப் பக்கத்தில் வரும். அதிலிருந்து அரை ஸ்பூன் எடுத்து, இரண்டு ஸ்பூன் தண்ணீர் கலந்தால் இரண்டாவது, மரப்பட்டை நிறம். மூன்றாவதுக்கு இன்னும் தண்ணீர், வைக்கோல் நிறம். சர்க்கரை மருந்துக்கும் சேரக் கூடாது. சேர்ந்தால் கார்டு தபாலில் ஏறும் முன் எறும்பு ஏறிவிடும். வெளிர் நிறத்தால் வானமும் தூரத்து மலையும் முதலில், அது காய்ந்த பிறகு நடு நிறம், கடைசியில் கறுப்பால் மரமும் வேலியும். ஈரமாக இருக்கும்போதே நாலு கல்லுப்புப் பரலைத் தூவிவிட்டு, காய்ந்ததும் தட்டிவிட்டுப் பாருங்கள். உப்பு இருந்த இடத்தைச் சுற்றி நிறம் விலகி, பனிமூட்டம் மாதிரி நிற்கும். என் மகள் அதற்காகவே ஒவ்வொரு வருஷமும் பனி மூடிய ஏரியைத்தான் வரைகிறாள்.

கார்டுகள் காயும் நேரத்தில் கேக். முக்கால் கப் கெட்டித் தயிரும் முக்கால் கப் சர்க்கரையும் கரையும்வரை அடியுங்கள். ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை டீஸ்பூன் ஆப்ப சோடா சேர்த்து ஐந்து நிமிஷம் விட்டால் நுரைத்து எழும்பும். அதில் அரை கப் எண்ணெய், கால் கப் ஆறிய முதல் டிகாஷன். ஃபில்டரில் வழக்கத்தைவிட ஒரு ஸ்பூன் தூள் கூடப் போட்டு இறக்குங்கள், இரண்டாம் டிகாஷன் சுவைக்கு எடுபடாது. சிக்கரி கலந்த தூளானால் நிறம் இன்னும் கறுப்பாக வரும். கடைசியில் ஒன்றரை கப் மைதாவைச் சலித்து, ஒரு சிட்டிகை உப்புடன் மெதுவாகக் கலந்துவிடுங்கள். மைதா போட்ட பிறகு அதிகம் அடித்தால் கேக் ரப்பராகிவிடும். எண்ணெய் தடவிய பாத்திரத்தில் ஊற்றி, சூடேறிய குக்கருக்குள் வைத்து, சிறு தீயில் 40 முதல் 50 நிமிஷம். முதல் அரைமணி நேரம் மூடியைத் திறக்கவே வேண்டாம். நடுவில் ஒரு குச்சியைக் குத்தி எடுத்தால் ஒட்டாமல் வர வேண்டும். சூட்டோடு வெட்டினால் உதிரும். இரவு முழுக்க ஆறவிட்டுக் காலையில் துண்டு போட்டு டப்பாவில் அடுக்குங்கள்.

இரண்டாம் தேதி காலை ஆறரைக்குள் கிளம்பிவிட வேண்டும். விடுமுறை நாளில் எட்டு மணிக்கு மேல் அடிவாரத்திலேயே கூட்டம் சேர்ந்துவிடும். சொந்த வண்டி இருந்தாலும் ஒரு தடவை பஸ்ஸில் போங்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணலாம், ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை உண்டு. நாங்கள் வளைவுக்கு ஒரு கட்டம் போட்டு ஒரு தாள் தயார் செய்து கொடுத்துவிடுவோம். அந்த வளைவில் கண்ணில் பட்டதை ஒரே வார்த்தையில் எழுத வேண்டும். கீழ்வளைவுகளில் முள், மூங்கில், குரங்கு என்று போகும். மேலே ஏற ஏற சில்வர் ஓக், மிளகுக் கொடி, காபி. இறங்கும்போது அந்தத் தாளைத் தலைகீழாகச் சரிபார்ப்பார்கள். வயிறு புரட்டுகிற பிள்ளைக்கு எலுமிச்சம்பழம் ஒன்றைக் கையில் கொடுத்து, முன் சீட்டில் உட்கார வையுங்கள், எழுத விடாதீர்கள்.

அக்டோபர் தொடக்கத்தில் காபிச் செடியில் காய் பச்சையாகத்தான் இருக்கும். பழுத்துச் சிவந்து பறிப்பதெல்லாம் நவம்பர் கடைசிக்கு மேல். அதைப் பார்க்க வேண்டுமென்றால் டிசம்பர் 11 மலை நாளை ஒட்டி இன்னொரு தடவை வாருங்கள். மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை விழுந்து ஒரு வாரம் பத்து நாளில் காபி பூக்கும். மலை முழுக்க மல்லிகைக் கொல்லை மாதிரி மணக்கும், நாலைந்து நாளில் உதிர்ந்துவிடும். அதற்குத் தேதி குறிக்க முடியாது, மலையில் தெரிந்தவர் யாராவது போனில் சொன்னால் உடனே கிளம்ப வேண்டியதுதான். எஸ்டேட்டுகள் தனியாருடையவை. சாலையோரமாக நின்று பாருங்கள், கேட்காமல் உள்ளே இறங்கவோ இலை பறிக்கவோ கூடாது. உதிர்ந்து கிடக்கிற இலை கிடைத்தால் அதன் பின்பக்கம் காபி தடவி, கார்டில் அழுத்தி எடுத்தால் நரம்பு நரம்பாக அச்சு விழும்.

ஏரிக்கரையில் உட்கார்ந்து கேக்கைத் தின்றுவிட்டுக் கார்டை எழுதுகிறோம். மூன்று வரிக்கு மேல் வேண்டாம்: எதைப் பார்த்தாய், என்ன வாசம் அடித்தது, யாரை நினைத்தாய். முகவரியைப் பெரிய எழுத்தில், 636-ல் தொடங்கும் பின்கோடுடன். ஸ்டாம்பை முன்கூட்டியே சேலத்தில் வாங்கிவிடுங்கள், இரண்டாம் தேதி தபால் நிலையம் மூடியிருக்கும். கையால் செய்த கார்டைக் கவுண்டரில் காட்டி எவ்வளவுக்கு ஒட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்வது நல்லது. சிவப்புப் பெட்டிக்குள் போடும்போது பிள்ளைகளே போடட்டும். தங்கை மகனுக்குக் கை எட்டாத வருஷம், "பெரியம்மா, தூக்குங்க, நான்தான் போடுவேன்" என்று நின்றான். உள்ளே அட்டை விழுகிற சத்தம் கேட்டபிறகுதான் கீழே இறங்கினான்.

மதியத்துக்கு மேல் பகோடா பாயிண்டோ லேடிஸ் சீட்டோ ஏதாவது ஒன்று மட்டும். எல்லா இடத்தையும் ஒரே நாளில் ஓடி ஓடிப் பார்த்தால் காபி மறந்துவிடும். இருட்டும்வரை இருக்க முடிந்தால் லேடிஸ் சீட்டைத் தேர்ந்தெடுங்கள். கீழே சேலம் விளக்கு விளக்காகப் பற்றிக்கொண்டு வருவது தெரியும். நம் தெரு எது என்று தேடுவதிலேயே அரைமணி போய்விடும். ஸ்வெட்டரும் திரும்பும் பஸ் நேரமும் மறக்க வேண்டாம்.

மார்ச் 14: தட்டு வடையில் பை

இது பரீட்சை நேரத்து நாள், ஆகவே ஒரு மணி நேரத்தில் முடிகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் மாதம் 14-ஆம் தேதி என்பதை 3.14 என்று படிக்கலாம் என்பதால், 1988-ல் சான்பிரான்சிஸ்கோ அறிவியல் காட்சியகம் ஒன்றில் தொடங்கிய கொண்டாட்டம் இது. 2019-ல் யுனெஸ்கோ அதே தேதியைச் சர்வதேசக் கணித நாளாகவும் அறிவித்தது.

அங்கே வட்டமான பை என்கிற பலகாரத்தை வெட்டுகிறார்கள். நமக்குத் தட்டு வடை இருக்கிறதே! ஒரு பொட்டலம் தட்டு வடை, ஒரு நூல், ஒரு அளவுகோல். வடையின் விளிம்பைச் சுற்றி நூலை ஒரு சுற்று சுற்றி, சேருமிடத்தில் பேனாவால் புள்ளி வைத்து, நூலை நீட்டி அளக்க வேண்டும். பிறகு வடையின் குறுக்களவு. முதலாவதை இரண்டாவதால் வகுக்கச் சொல்லுங்கள். வடையின் விளிம்பு சீராக இருக்காது, நூல் வழுக்கும், 3.3 வரும், 2.9 வரும். அடுத்து டபரா, தாம்பாளம், வளையல். பாத்திரம் பெரிதாக ஆக விடை 3.14-க்குப் பக்கத்தில் போகும், ஏனென்றால் பெரிய வட்டத்தில் அரை சென்டிமீட்டர் தவறு அவ்வளவாகத் தெரியாது. எங்கள் வீட்டில் அம்மாயியின் தாம்பாளம் 3.14 என்றே கொடுத்தது. அன்றிலிருந்து அதற்குப் பை தாம்பாளம் என்று பெயர். முடிந்ததும் அளந்த வடைகள் மேல் பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி, துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம் வைத்து, இன்னொரு வடையால் மூடி செட்டாக்குங்கள். அதுவும் முடியாவிட்டால் தெருமுனை செட்டுக் கடைவரை நடந்து போய்வாருங்கள், அன்றைய பயணம் அதுதான்.

மார்ச் 20: சிட்டுக்குருவி

2010 முதல் கடைப்பிடிக்கப்படுகிற நாள். கூடு செய்ய ஒட்டுப்பலகை அல்லது பழைய மரப்பெட்டி வேண்டும். அட்டைப்பெட்டி ஒரு மழைக்குத் தாங்காது. உள்ளளவு 15 சென்டிமீட்டர் அகலம், 15 ஆழம், 20 உயரம். வாசல் ஒன்றேகால் அங்குலம், அதாவது 32 மில்லிமீட்டர் வட்டம். அதைவிடப் பெரிதானால் மைனா வந்துவிடும். வாசலுக்குக் கீழே உட்காரக் குச்சி வைப்பது பலர் செய்கிற தவறு. குருவிக்கு அது தேவையில்லை, காக்கைக்கும் பூனைக்கும்தான் உதவும். மேற்கு வெயில் படாத சுவரில் பத்தடி உயரத்தில் மாட்டுங்கள். பிறகு தொடாதீர்கள். எங்கள் கூட்டுக்குக் குருவி வர இரண்டு வருஷம் ஆனது. வைக்கோலை இழுத்துக்கொண்டு முதல் குருவி உள்ளே போன அன்று வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை.

அன்று கம்பு பிஸ்கட். ஒரு கப் கம்பு மாவு, அரை கப் கோதுமை மாவு, அரை கப் நாட்டுச் சர்க்கரை, 100 கிராம் வெண்ணெய், ஏலக்காய். உருட்ட வராவிட்டால் ஒரு ஸ்பூன் பால். தட்டி வைத்து 170 டிகிரியில் 15 நிமிஷம், குக்கரில் 20-25. ஆறிய பிறகுதான் மொறுமொறுப்பு வரும். காலையில் லீ பஜார் பக்கம் ஒரு நடை போங்கள். தானிய மூட்டை இறக்குகிற இடத்தில் சிந்தியதைப் பொறுக்கக் குருவிகள் வரும்.

ஆகஸ்ட் 7: தறி

1905-ல் கல்கத்தாவில் சுதேசி இயக்கம் தொடங்கிய தேதி, 2015 முதல் தேசியக் கைத்தறி நாள். வெண்பட்டு வேட்டிக்குப் பேர்போன ஊரில் இதை விடக் கூடாது. கெட்டி அட்டையின் மேலும் கீழும் ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு வெட்டு போட்டு, நூலை மேலும் கீழுமாக இழுத்துக் கட்டினால் பாவு தயார். ஊசியில் கலர் நூல் கோத்து, ஒன்றுக்கு மேல் ஒன்றுக்குக் கீழ் என்று விட்டால் ஊடை. ஒவ்வொரு வரிசையையும் சீப்பால் இறக்கிவிடுங்கள். புத்தகக் குறி ஒன்று நெய்ய ஒன்றரை மணி நேரம் ஆகும். அதன் பிறகு அம்மாப்பேட்டை, குகைப் பக்கம் தெரிந்த நெசவாளர் வீட்டில் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போய்ப் பாருங்கள். தானே நெய்த பிள்ளை தறியைப் பார்க்கிற பார்வை வேறு. பன் மாவைப் பட்டை பட்டையாக வெட்டி, அதே மேல்-கீழ் முறையில் பாய்போல் பின்னிச் சுட்டால் அன்றைய பலகாரமும் ஆயிற்று.

நாள் இல்லாத பொருளுக்கு நாமே ஒரு நாள்

ஜவ்வரிசிக்கு நாங்கள் வைத்த நாள் மார்ச் கடைசி ஞாயிறு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெளிநாட்டு மாவு வரத்து நின்றபோது, குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிக் கிழங்கிலிருந்து மாவும் ஜவ்வரிசியும் எடுக்கும் தொழில் இங்கே வேர்விட்டது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆத்தூர் ரோட்டில் போனால் சேகோ பேக்டரிக் களங்களில் வெள்ளை வெளேரென்று காய்வதைப் பார்க்கலாம். போய்வரும் பயணம் அதுதான்.

அன்றைய பலகாரம் ஜவ்வரிசி வடகம். முதல் நாள் இரவு ஒரு கப் ஜவ்வரிசியை ஊறவையுங்கள். விடிகாலையில் ஐந்து கப் தண்ணீர் கொதிக்கும்போது போட்டு, கண்ணாடி போல் ஆகும்வரை கிளறுங்கள். பச்சை மிளகாய் விழுது, சீரகம், உப்பு. உப்பைக் குறைத்தே போடுங்கள், காய்ந்தால் கூடும். ஆறியதும் எலுமிச்சைச் சாறு. மொட்டை மாடியில் வேட்டியை நனைத்துப் பிழிந்து விரித்து, ஓரங்களில் கல் வையுங்கள். கரண்டியால் வட்டமாக ஊற்றுவது பெரியவர்கள் வேலை. பிள்ளைகளுக்கு ஒரு ஸ்பூனும், பீட்ரூட் சாறு கலந்த ஒரு கிண்ணமும் கொடுத்துவிட்டால் தங்கள் பெயரை வடகத்தில் எழுதுவார்கள். காக்காய்க்குக் கறுப்புக் குடை ஒன்றை விரித்து நட்டு வையுங்கள். மறுநாள் மாலை வேட்டியைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் தண்ணீர் தெளித்துக் கால்மணி நேரம் பொறுங்கள். பிறகு ஒவ்வொரு எழுத்தாக உரிந்து வரும். உரித்ததைத் தட்டில் போட்டு இன்னும் ஒரு வெயில் காட்டிவிட்டு டப்பாவில் அடையுங்கள். எழுத்து வடகங்களை மட்டும் தனி டப்பாவில் வைத்து, அவரவர் பிறந்தநாளுக்குப் பொரித்துக் கொடுங்கள்.